மூணு கல்லை தள்ளிவிட்ட கதை

முதல்ல குத்தத்தை ஒத்துக்கிட்டுடறேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்து வடக்குல இருக்கிற மலைப்பகுதியான யார்க்‌ஷயர் டேல்ஸ்ல மால்ஹம் பக்கம் நடக்கப் போனோம் (எழுத்துல ஹ இருக்கு, ஊர்க்காரங்க வாயில அது வராது, மாலம்னு தான் சொல்வாங்க). திரும்பி வரும்போது பாதை மாறி யாரோ ஒருத்தரோட மேய்ச்சல் நிலத்துக்குள்ள போயிட்டோம், மழை வேற பிடிச்சுக்கிச்சு, கேட் எங்க இருக்குன்னு தேடுற பொறுமை ரெண்டு பேருக்கும் இல்ல. எதிர்ல நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல்லு சுவரு. அதுக்கு அந்தப்பக்கம் ரோடு, ரோட்டோரமா எங்க காரு. ஏறி குதிச்சுடலாம்னு நான் தான் சொன்னேன். கூட வந்தவ முதல்ல ஏறினா, ஒண்ணும் ஆகல. அடுத்து நான், மேல நிக்க வச்சிருந்த கல்லுல ரெண்டு கையையும் ஊணி ஒரு தம் கட்டினேன் பாருங்க, மூணு கல்லு என் கூடவே அந்தப்பக்கம் வந்து விழுந்துச்சு. "யாரும் பாக்கல, எடுத்து வச்சுட்டு சீக்கிரம் வா"ன்னா. எடுத்து வச்சேன். எப்படி வச்சேன்னா, புஸ்தகத்தை மேசையில படுக்க போடுவோம்ல, அப்படி தட்டையா. வச்சுட்டு ஓடி வந்து ஹீட்டரை போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

செஞ்சது தப்புன்னு அப்பவே தெரியும். ஆனா எவ்வளவு பெரிய தப்புன்னு புரிய மூணு வருஷமும் ரெண்டு நாள் முதுகுவலியும் ஆச்சு.

அந்த ஊர் சுவரை பாக்காதவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, களிமண் கூட கிடையாது. வெறும் கல்லு, கல்லு மேல கல்லு. கையாலைன்னு நாம சொல்ற சாதி தான், ஆனா இது மலை அடிவாரத்துல ஆரம்பிச்சு, ஆடு கூட மூச்சு வாங்குற சரிவுல நேரா மேல ஏறி, உச்சியைத் தாண்டி அந்தப்பக்கமும் இறங்கிப் போகும். யார்க்‌ஷயர் டேல்ஸ் நேஷனல் பார்க்குக்குள்ள மட்டும் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல இந்த சுவரு இருக்கு. முதல் தடவை அந்த கணக்கை படிச்சப்ப பூஜ்யம் ஒண்ணு கூட போட்டுட்டாங்களோன்னு நினைச்சேன், மால்ஹம் கோவ் பாறை மேல ஏறி நின்னு சுத்தி ஒரு தடவை பாத்தப்புறம் அந்த சந்தேகம் போயிடுச்சு.

ஏன் இவ்வளவு சுவருன்னா, ஒண்ணு, மண்ணைத் தோண்டினா கல்லு தான் வருது, அதை எங்கயாவது போட்டாகணும். லேக் டிஸ்ட்ரிக்ட்ல வாஸ்டேல் ஹெட்னு ஒரு இடம், அங்க சில சுவரு அகலம் பாத்தா மேல படுத்து தூங்கலாம், காவலுக்குன்னு அவ்வளவு அகலம் யாருக்கும் தேவைப்படாது, வயல்ல பொறுக்கின கல்லை கொட்ட வேற இடம் இல்லாம சுவரையே குப்பைத்தொட்டி ஆக்கிட்டாங்க. ரெண்டாவது, மரவேலி போடலாம்னா அந்த உயரத்துல அடிக்குற காத்துக்கு மரம் எங்க வளருது, உயிர்வேலியும் சரியா வராது. மூணாவது, ஆட்டோட பஞ்சாங்கமே இந்த சுவரு தான். பள்ளத்தாக்கு அடியில இருக்கிற நல்ல நிலத்தை இன்பைன்னு சொல்றாங்க, குட்டி போடுற சமயத்துல ஆடு எல்லாம் அங்க இருக்கும், அப்புறம் அதுகளை மேல மலைக்கு ஏத்தி விட்டுட்டு கீழ புல்லை வளர விடணும், கோடையில அறுத்து காயவச்சா தான் குளிர்காலத்துக்கு தீவனம். நடுவுல சுவரு இல்லன்னா ஸ்வேல்டேல் ஆடு (கருப்பு மூஞ்சி, வெள்ளை மூக்கு, பொட்டைக்கும் கொம்பு இருக்கும், பார்வையிலயே ஒரு திமிரு) ராத்திரியோட ராத்திரியா இறங்கி வந்து மொத்தத்தையும் மேஞ்சுட்டு போயிடும்.

வயசு விஷயத்துல ஒண்ணு கத்துக்கிட்டேன், தூரத்துல நின்னே சொல்லலாம். ஊரை ஒட்டி இருக்கிறது கோணல்மாணலா, சின்னச் சின்ன கட்டமா, எதுக்குன்னே தெரியாம வளைஞ்சு போகும், அடியில ஆள் தூக்க முடியாத பாறை எல்லாம் கிடக்கும். அது ரொம்ப பழசு. மால்ஹம் சுத்தி இருக்கிற மலை நிலம் எல்லாம் ஒரு காலத்துல ஃபவுண்டன்ஸ் அபி, போல்டன் ப்ரயரினு ரெண்டு மடத்துக்கு சொந்தம், சாமியாருங்க ஆயிரக்கணக்குல ஆடு வளர்த்து கம்பளி வித்து சம்பாதிச்சிருக்காங்க. அவங்க மந்தை ஓட்டின மாஸ்டைல்ஸ் லேன்ங்கற பாதை இன்னும் இருக்கு, ரெண்டு பக்கமும் சுவரு வச்சு, இப்ப நம்மள மாதிரி ஷூ வாங்கின ஆளுங்க நடக்குறோம்.

ஊரை விட்டு மேல போகப் போக சுவரு ஸ்கேல் வச்சு போட்ட கோடு மாதிரி ஆயிடும். அது பெரும்பாலும் 1750ல இருந்து 1850 வரைக்கும், பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு பொது மேய்ச்சல் நிலத்தை பிரிச்சுக் கொடுத்த காலத்துல கட்டினது. யாரோ ஆபீஸ்ல உக்காந்து வரைபடத்துல கோடு இழுத்தாங்க, கூலிக்காரங்க அந்தக் கோட்டை மலை மேல கல்லுல இழுத்தாங்க. அடி அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஒரு ரூடுக்கு எத்தனை குறுக்குக்கல்லு (சுவரோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போற நீளக் கல்லு) போடணும்ங்கற வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க, ரூடுன்னா டேல்ஸ் கணக்குல ஏழு கஜம். இதுல யாரும் போஸ்ட்கார்டுல போடாத ஒரு விஷயம் இருக்கு. அந்த பொது நிலத்துல ஒரு மாடு ரெண்டு ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஏழைக்கு, கோடு போட்ட அன்னைக்கே மேய்ச்சல் போச்சு. கூலி வேணுமேன்னு தன்னை வெளிய நிறுத்துற சுவரை தானே கட்டினவனும் அதுல இருந்திருப்பான். எனக்கு அந்த நேர்கோட்டை ஃபோட்டோ எடுக்கப் பிடிக்கும், ஆனா எடுக்கும்போது இது ஞாபகம் வந்து தொலைக்கும்.

சரி, கோர்ஸுக்கு வரேன். நான் இருக்கிறது லீட்ஸ்ல, வேலை கம்ப்யூட்டர் முன்னாடி, நாள் பூரா தூக்குற அதிகபட்ச கனம் காபி கப்பு. போன அக்டோபர்ல இந்தக் கல்லு சுவரை கட்ட சொல்லிக் கொடுக்குற ஒரு வீக்கெண்ட் கோர்ஸ்ல பேரைக் கொடுத்தேன். நாங்க எட்டு பேரு, சொல்லிக் கொடுக்க ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், நாப்பது வருஷமா இதே வேலை. பேச்சு ரொம்ப கம்மி, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை அந்த ரெண்டு நாள்ல யாருக்கும் கிடைக்கல, கல்லை பாத்து ஒரு உறுமல், அவ்வளவு தான். சரிஞ்சு கிடந்த அஞ்சு மீட்டர் சுவரை பிரிச்சு மறுபடி கட்டணும். அஞ்சு மீட்டர், எட்டு பேரு, ரெண்டு நாளு, என்னப்பா இது பிக்னிக்கான்னு தான் நான் காருல வரும்போது நினைச்சேன்.

கட்டுறதுக்கு முன்னாடி பிரிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. விழுந்தது போக மிச்சம் நிக்குறது இருக்குல்ல, அதையும் ரெண்டு பக்கமும் நல்லா உறுதியா இருக்கிற இடம் வரைக்கும் இறக்கணும். இறக்குறதுக்கு ஒரு ஒழுங்கு. உச்சியில இருந்த கல்லு கட்டக் கடைசியா தான் தேவைப்படும், அதனால ரொம்ப தள்ளி வரிசையா போடு, குறுக்குக்கல்லை தனியா வை, முகக்கல்லை (சுவரோட வெளிப்பக்கம் தெரியுற கல்லு) பெருசு கிட்ட சிறுசு தள்ளின்னு பரப்பு, உள்ள இருந்த சில்லறைக் கல்லை குவிச்சு வை, சுவரை ஒட்டி ஒரு ஆள் நடக்க இடம் விடு. மத்தியானத்துக்குள்ள அந்த வயல் பூரா கல்லு, எங்க காலு வைக்கிறதுன்னு தெரியல. அடி வரிசை கிட்ட வந்தப்ப ஒரு கல்லை நகத்தினேன், அடியில ஒரு தேரை, கட்டைவிரல் தண்டி, மண் நிறத்துல, எங்களை பாத்து அசையக்கூட இல்ல. பெரியவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கையுறையோட அதை தூக்கி, நாங்க கை வைக்காத பக்கம் சுவரு சந்துக்குள்ள விட்டார். அந்த சந்துல ஏற்கனவே நத்தை ஓடு ஒரு கைப்பிடி கிடந்துச்சு. காலையில இருந்து அவர் மூஞ்சி கொஞ்சம் இளகினது அப்ப ஒரு தடவை தான்.

வெளிய இருந்து பாத்தா ஒரு சுவரு. உண்மையில அது ரெண்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது. அடியில முக்கால் மீட்டர் கிட்ட அகலம், மேல போகப் போக குறுகி முழங்கை நீளத்துக்கு வந்துடும். அந்த சாய்வுக்கு பேட்டர்னு பேரு, அது மாறாம இருக்க ரெண்டு முனையிலயும் மரச்சட்டத்துல ஏ எழுத்து மாதிரி ஒண்ணு நிறுத்தி நூலு கட்டிடுவாங்க. ரெண்டு சுவருக்கும் நடுவுல இருக்கிற இடத்துல சின்னக் கல்லு, கைக்கு அடங்குற சைஸ்ல, அதுக்கு ஹார்ட்டிங்னு பேரு.

நான் சறுக்கினது இந்த ஹார்ட்டிங்ல தான், நீட்டி சொல்றேன், மன்னிச்சுக்கோங்க.

என் பக்கத்துல நான் மூணு வரிசை வச்சுட்டேன். நூலுக்கு சரியா, முகம் எல்லாம் வழவழன்னு, பாக்க ஜோரா. அகலமான பக்கம் வெளிய தெரியுற மாதிரி வச்சிருந்தேன், அப்ப தானே அழகு. நடுவுல குழி இருந்துச்சா, ஒரு பக்கெட்ல சில்லறைக் கல்லை அள்ளி அப்படியே கொட்டினேன், ரெண்டு பக்கெட், நிறைஞ்சுடுச்சு. பெரியவர் வந்தார். ஒண்ணும் சொல்லல. நான் ரொம்ப பெருமையா வச்ச கல்லு மேல காலை வச்சு லேசா ஒரு அழுத்து. கல்லு பல்லு ஆடுற மாதிரி ஆடுச்சு. அடுத்த கல்லு, அதுவும். அப்புறம் குனிஞ்சு என் மூணு வரிசையையும், ஒண்ணு விடாம, எடுத்து கீழ போட்டார். எனக்கு காது சூடாயிடுச்சு, எதிர்ப்பக்கம் நின்ன பொண்ணு வேற திசையில பாத்துக்கிட்டா.

அவர் சொன்னது இது தான். கல்லுல எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் உள்ள போகணும், முகம் சின்னதா தெரிஞ்சா தெரியட்டும். அகலமான பக்கத்தை வெளிய காட்டினா பரப்பு சீக்கிரம் நிறையும், அதனால நாள் கூலிக்கு பதிலா மீட்டர் கணக்குல காசு வாங்குற ஆளுங்க சில பேரு அப்படி செய்வாங்க, பத்து வருஷத்துல சுவரு வயிறு தள்ளிடும். ஹார்ட்டிங்கை கொட்டவே கூடாது. ஒவ்வொண்ணா கையால வைக்கணும், முகக்கல்லோட வால் பக்கத்துக்கு அடியில ஆப்பு மாதிரி இறுக்கணும், ஆட்டி பாக்கணும், ஆடினா இன்னொண்ணு. ஆப்பை வெளிப்பக்கத்துல இருந்து சொருகினா ஒரு பனிக்காலத்துல நழுவி விழுந்துடும், அதனால எப்பவும் உள்ள இருந்து தான். மண்ணு ஒரு பிடி கூட உள்ள போகக்கூடாது, மண்ணு தண்ணியை பிடிச்சு வச்சுக்கும், தண்ணி உறைஞ்சா விரியும், விரிஞ்சா முகக்கல்லை வெளிய தள்ளும். சில்லறைக் கல்லு கரைஞ்சோ சரிஞ்சோ கீழ இறங்கினா மேல பள்ளம் விழும், ரெண்டு சுவரும் நடுவுல பிடிமானம் இல்லாம ஆளுக்கொரு பக்கம் போகும்.

அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் வச்சது ஒண்ணரை வரிசை. ஒரு கல்லுக்கு சராசரியா எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்ல வெக்கமா இருக்கு. எடுத்து பாக்குறது, திருப்புறது, வைக்கிறது, ஆடுது, எடுக்கிறது, வேற கல்லு தேடி போறது. ஒரு தடவை கையில எடுத்த கல்லை கீழ போடாதேன்னு இந்த தொழில்ல ஒரு பேச்சு இருக்காம், எடுத்தா அது எங்கயாவது உக்காரணும். பெரியவர் அப்படி தான் செஞ்சார். குவியலை ஒரு பார்வை, குனிஞ்சார், எடுத்தார், வச்சார், டொக்குனு ஒரு சத்தம். அந்த சத்தத்தை எழுத்துல எப்படி கொண்டு வர்றதுன்னு தெரியல, வெத்து சத்தமா இல்லாம அடைச்ச சத்தமா இருக்கும், உக்காந்துடுச்சுன்னு காதுக்கே தெரியும். சுத்தியல் அவர் பெல்ட்ல தொங்கிக்கிட்டே இருந்துச்சு, பெருசா வேலை இல்ல. இந்தப் பக்கம் சுண்ணாம்புப் பாறை, தட்டினா நாம சொன்ன மாதிரி உடையாது, அது இஷ்டத்துக்கு தான் உடையும். கிரிட்ஸ்டோன்னு சொல்ற மணற்பாறை இருக்கிற பகுதியில கல்லு பலகை பலகையா வருமாம், அங்க கட்டுறவங்களை பத்தி பேச்சு வந்தப்ப அவர் உறுமல்ல ஒரு பொறாமை தெரிஞ்சுச்சு.

மூட்டு விஷயம் எந்தக் கொத்தனாருக்கும் தெரிஞ்சது தான், ரெண்டு கல்லு மேல ஒரு கல்லு, ஒரு கல்லு மேல ரெண்டு கல்லு, மூட்டுக்கு மேல மூட்டு வரக்கூடாது. முழங்காலுக்கு கொஞ்சம் மேல வந்தப்புறம் த்ரூன்னு சொல்ற குறுக்குக்கல்லு. இது இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போகுற நீளமான பலகைக்கல்லு, மீட்டருக்கு ஒண்ணு கணக்கு, ரெண்டு சுவரையும் சேத்து கட்டிப் போடுறது இது தான். ரெண்டு பேரு சேந்து தூக்கினோம். சில இடத்துல இது சுவரை விட்டு ஒரு சாண் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், படிக்கட்டு மாதிரி ஏறிப் போகலாம், அதுக்குன்னே விட்டது. அன்னைக்கு மழையில அந்த மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா இந்தப் பதிவே இல்ல.

ரெண்டாவது நாள் மத்தியானம் உச்சிக்கு வந்தோம். கோப்ஸ்டோன், தலைக்கல்லு. இதை படுக்க வைக்க மாட்டாங்க, நிறுத்தி வைப்பாங்க, அலமாரியில புஸ்தகம் அடுக்குற மாதிரி, ஒண்ணோட ஒண்ணு தோள் இடிக்க. ஏன்னா அது ஒவ்வொண்ணும் ரெண்டு பக்க முகத்து மேலயும் ஒரே நேரத்துல உக்காந்து அழுத்துது, அந்த கனத்துல தான் கீழ இருக்கிற மொத்தமும் இறுகுது. வரிசை முழுக்க முடிஞ்சதும், நடுவுல இருக்கிற சந்துல மெல்லிசு கல்லா பாத்து ஆப்பு அடிக்கிறாங்க, அப்ப அந்த அஞ்சு மீட்டரும் ஒரே கல்லு மாதிரி ஆயிடுது, ஒண்ணை தனியா அசைக்க முடியாது. அதே காரணத்தால, வரிசையில ஒரு கல்லு போனா பக்கத்துல இருக்கிறதுக்கு சாஞ்சுக்க ஆள் இல்ல. அது தளரும், அதுக்கு அடுத்தது தளரும், ஆடு உரசும், மழை நேரா உள்ள இறங்கும்.

நான் ஆப்பு அடிச்சுக்கிட்டே இதை கேட்டேன். கை அப்படியே நின்னு போச்சு. அந்த மூணு கல்லு, நான் படுக்க வச்ச விதம், எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. சாப்பிடும்போது பெரியவர்கிட்ட சொல்லிட்டேன், நண்பர் ஒருத்தர் பண்ணினார்னு. அவர் என் மூஞ்சியை கொஞ்ச நேரம் பாத்துட்டு, உங்க நண்பரை அடுத்த தடவை கேட் தேடச் சொல்லுங்கன்னார்.

சாப்பிட உக்காந்த இடத்துல சுவரு அடியில ஒரு ஓட்டை, ஓட்டைன்னா உடைஞ்சது இல்ல, அழகா மேல பலகைக்கல்லு போட்டு கட்டினது, ஆடு ஒண்ணு குனிஞ்சு போற அளவு. இதுக்கு டேல்ஸ்ல க்ரிப்பிள் ஹோல்னு பேரு, ஆட்டை ஒரு வயல்ல இருந்து இன்னொரு வயலுக்கு மாத்த, வேணாம்னா பலகையோ கல்லோ வச்சு அடைச்சுடலாம். இதுலயே முயல் போற சைஸ்ல சின்னதா இருந்தா ஸ்மூட். முயலுக்கு எதுக்கு வழின்னு கேட்டேன், தண்ணி போறதுக்கும் அது தான், முயலுக்கு அங்க கண்ணி வச்சா சாப்பாட்டுக்கும் ஆச்சுன்னார். ஸ்காட்லாந்து தென்மேற்குல காலோவே பக்கம் இன்னொரு விதம் இருக்கு, மேல் பாதி ஒத்தைக் கல்லா, சந்து சந்தா, வெளிச்சம் அந்தப்பக்கம் தெரியுற மாதிரி கட்டுறது. பாத்தா இப்ப விழும்ங்கற மாதிரி இருக்கும், ஆடும் அப்படி தான் நினைக்குதாம், அதனால அது மேல தாவவே யோசிக்குதாம். ஆட்டோட பயத்தை வச்சு பொறியியல் பண்ணின ஆளுங்க.

எனக்கு இருந்த இன்னொரு கேள்வி, சிமெண்ட் வந்தப்புறமும் ஏன் இப்படின்னு. மலைச்சரிவுல தரை சும்மா இருக்காது, பனியில உப்பும், மழையில அமுங்கும். சிமெண்ட் சுவரு அதுக்கு வளைஞ்சு கொடுக்காது, விரிசல் விடும். இது வளையும், நெளியும், நெளிஞ்ச இடத்துல நின்னுக்கும், தண்ணி வந்தா வழிய விட்டுடும். காத்தும் அப்படி தான், கெட்டிச் சுவரு மேல மோதின காத்து மேல ஏறி அந்தப்பக்கம் சுழிச்சுக்கிட்டு இறங்கும், சந்து இருக்கிற சுவரு காத்தை வடிகட்டி வேகத்தை மட்டும் குறைக்குது, அதனால தான் காத்தடிச்சா ஆடு எல்லாம் சுவரு ஓரமா ஒண்டிக்குது. அதுவே சில சமயம் எமனாகவும் ஆகும், பனிப்புயல்ல காத்து கொண்டு வர்ற பனி எல்லாம் சுவரு ஓரத்துல தான் குவியும், ஒண்டின மந்தை அப்படியே புதைஞ்சு போயிடும். 1947 குளிர்காலத்துல பிரிட்டன்ல லட்சக்கணக்குல ஆடு செத்துச்சு, நீளக் கம்பால குத்திக் குத்தி, நாயை விட்டு மோப்பம் பிடிக்க வச்சு தோண்டி எடுத்திருக்காங்க.

நல்லா கட்டினா நூறு வருஷம் தாராளமா நிக்கும், நூத்தம்பது இருநூறு ஆனதும் ஏகப்பட்டது நிக்குது. ஆனா கட்டிட்டா முடிஞ்சுதுன்னு இல்ல, எங்கயாவது ஒரு இடம் விழுந்துக்கிட்டே தான் இருக்கும். இந்த வேலை செய்யறவங்களுக்கு புதுசா கட்டுறதை விட விழுந்ததை எடுத்துக் கட்டுறது தான் அதிகம், அதுக்கு கேப்பிங்னு பேரு. 2015 டிசம்பர்ல டெஸ்மண்ட் புயல் வந்தப்ப லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஹானிஸ்டர்ங்கற கணவாயில ஒரே நாள்ல 341 மில்லிமீட்டர் மழை, ஆறு கரை தாண்டி வயலுக்குள்ள புகுந்து சுவரை எல்லாம் வாரிக்கிட்டு போச்சு, விழுந்திருந்தா கூட பரவால்ல, கல்லே ஊர் தாண்டி போயிடுச்சு. கை தேர்ந்த ஆளே ஒரு நாளைக்கு மூணு மீட்டர் கட்டினா பெரிய விஷயம். நாங்க கட்டின ஒரு மீட்டர்ல மட்டும் ஒன்றரை டன் பக்கம் கல்லு, அதையும் பிரிக்க ஒரு தடவை கட்ட ஒரு தடவைன்னு ரெண்டு தடவை தூக்கணும். கூலி கொடுத்து கட்டுப்படியாகுமா? அரசாங்க மானியம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஃபாரம் நிரப்புற நேரத்துல ரெண்டு மீட்டர் கட்டிடலாம்னு அங்க வந்திருந்த ஒரு விவசாயி சலிச்சுக்கிட்டார். அதனால விழுந்த இடத்துல ரெண்டு மரக்கட்டையை நட்டு கம்பியைக் கட்டிட்டு போயிடறாங்க, அவங்களை குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

இந்த கலையை யுனெஸ்கோ 2018ல மரபுப் பட்டியல்ல சேத்துச்சு, க்ரோயேஷியா, சைப்ரஸ், ஃப்ரான்ஸ், க்ரீஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், ஸ்விட்சர்லாந்துன்னு எட்டு நாடு. 2024ல அயர்லாந்து, ஆஸ்திரியா, பெல்ஜியம், லக்சம்பர்க், அண்டோரா சேந்துச்சு. எட்டாயிரம் கிலோமீட்டரை ஒரே பார்க்குக்குள்ள வச்சிருக்கிற இங்கிலாந்து அந்த ரெண்டு தடவையும் இல்ல, ஏன்னா அந்த ஒப்பந்தத்துலயே பிரிட்டன் சேந்தது 2024ல தான். பெரியவர்கிட்ட இதை சொன்னப்ப, சுவருக்கு தெரியுமா அதுன்னு கேட்டார். இங்க இதுக்குன்னு 1968ல ஆரம்பிச்ச ஒரு சங்கம் இருக்கு, ட்ரை ஸ்டோன் வாலிங் அசோசியேஷன், அவங்க பரிட்சை எல்லாம் வைக்கிறாங்க, நாலு படி, கடைசி படிக்கு மாஸ்டர் க்ராஃப்ட்ஸ்மேன்னு பேரு. நான் முதல் படிக்கு கீழ, தரையில, கல்லு பொறுக்குற இடத்துல இருக்கேன்.

கோர்ஸ் முடிஞ்சு கிளம்பும்போது எங்க அஞ்சு மீட்டரை தள்ளி நின்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் பழைய சுவரு, பாசி படிஞ்சு சாம்பல் நிறத்துல. நடுவுல எங்களோடது, அதே கல்லு தான், ஆனா உள்ள இருந்த முகம் எல்லாம் வெளிய திரும்பி வெள்ளையா, புதுசா பல்லு கட்டின மாதிரி. என் பக்கத்துல கீழ இருந்து நாலாவது வரிசையில ஒரு கல்லு லேசா வெளிய துருத்திக்கிட்டு இருக்கு, அது என்னோடது. பெரியவர் அதை பாத்தார், கால் வச்சு அழுத்தினார், ஆடல, விட்டுட்டார்.

இந்த ஏப்ரல்ல மறுபடி மால்ஹம் போனேன், தனியா, பையில கையுறை வச்சுக்கிட்டு. அந்த மூணு கல்லை எடுத்து ஒழுங்கா நிறுத்தி வச்சுட்டு வந்துடலாம்னு. அந்த ரோட்டுல காரை நிறுத்திட்டு, சுவரு ஓரமா ரெண்டு கிலோமீட்டர் போல மேலயும் கீழயும் நடந்தேன். இடம் பிடிபடல. மழையில பாத்த சுவரு, எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கு. எங்கயும் படுத்துக் கிடக்குற தலைக்கல்லு இல்ல, எல்லாம் நின்னுக்கிட்டு தான் இருந்துச்சு. ஆனா மூணு இடத்துல சுவரே விழுந்து கிடந்துச்சு. ஒண்ணுல கம்பி கட்டியாச்சு. இன்னொண்ணுல கல்லை எல்லாம் தரம் பிரிச்சு, பெருசு கிட்ட சிறுசு தள்ளி, யாரோ கட்டுறதுக்கு தயாரா பரப்பி வச்சிருந்தாங்க. மூணாவதுல விழுந்த குவியல் மேல ஒரு ஆடு ஏறி நின்னு என்னைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, பின்னாடியே ரெண்டு குட்டி, ரோட்டுக்கு இறங்கலாமா வேணாமான்னு. நான் கையைத் தட்டி விரட்டினேன், அது நகரல, கொஞ்ச தூரம் நடந்து கேட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள போய் பின்னாடி இருந்து அதை வயலுக்குள்ள ஓட்டிவிட்டுட்டு, கேட்டை சாத்திட்டு வந்தேன்.